390 பவுண்டும் ஒரு வாசற்படியும்: யூனிசன் வழக்கு காட்டும் பிரிட்டன் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம்

பிரிட்டனில் முதலாளி கடைசி மாதச் சம்பளத்தைக் கொடுக்காமல் கைவிரித்துவிட்டால், 2013 ஜூலை 28 வரை ஒரு தொழிலாளி தீர்ப்பாயத்தில் மனுப் போட ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. மறுநாளிலிருந்து 390 பவுண்டு. மனுவைப் பதிய 160, விசாரணைக்கு 230. பாக்கி 200 பவுண்டாக இருந்தாலும் இதே தொகைதான். நான்கு ஆண்டு கழித்து, 2017 ஜூலை 26 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் ஒருமனதாக அந்தக் கட்டண ஆணையைத் தூக்கியெறிந்தார்கள். அதுவும் அன்று முதல் செல்லாது என்று சொல்லவில்லை. பிறந்த நாளிலிருந்தே செல்லாது என்றார்கள்.

வழக்கைத் தொடுத்தது யூனிசன் என்ற பொதுச்சேவைத் தொழிற்சங்கம். எதிர்மனுதாரர் லார்ட் சான்சலர், அதாவது நீதித்துறை அமைச்சர். தொழிலாளர் தீர்ப்பாயம் ஒன்று ஒரு நாட்டின் நீதி அமைப்புக்குள் எப்படி இயங்குகிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான வழக்கு கிடைப்பது அரிது.

தீர்ப்பாயம் வந்த வழி

1964-இல் தொழில் தீர்ப்பாயங்கள் என்ற பெயரில் இவை தொடங்கின. முதலில் இவற்றுக்கு இருந்த வேலை மிகச் சிறியது: தொழிற்பயிற்சி வரியை எதிர்த்து முதலாளிகள் செய்யும் முறையீட்டைக் கேட்பது. 1965-இல் ஆட்குறைப்பு இழப்பீடு சேர்ந்தது. 1971-இல் நியாயமற்ற பணிநீக்கம் என்ற உரிமை சட்டத்தில் வந்ததும் தீர்ப்பாயத்தின் முகமே மாறியது. பின்னர் பாலினம், இனம், ஊனம் சார்ந்த பாகுபாட்டு வழக்குகளும் இங்கேயே வந்து சேர்ந்தன. இன்றைய பெயரைத் தந்தது 1998-இன் சட்டம்.

1968-இல், தொழிலுறவுகளை ஆராய அரசு அமைத்த டொனவன் ஆணையம் இத்தகைய மன்றம் எளிதில் அணுகக்கூடியதாக, விரைவானதாக, சடங்கு குறைந்ததாக, செலவில்லாததாக இருக்க வேண்டும் என்றது. இந்த நான்கில் கடைசியைத்தான் 2013-இன் ஆணை உடைத்தது. வட அயர்லாந்துக்குத் தனித் தீர்ப்பாய முறை உண்டு. கட்டணம் அங்கே எட்டிப் பார்க்கவில்லை.

அமர்வில் வேலைவாய்ப்பு நீதிபதி ஒருவர் இருப்பார். பாகுபாட்டு வழக்குகளில் பெரும்பாலும் அவரோடு சட்டம் படிக்காத இருவர் உட்காருவார்கள். ஒருவர் முதலாளித் தரப்பு அனுபவம் உள்ளவர், மற்றவர் தொழிலாளர் தரப்பு அனுபவம் உள்ளவர். நியாயமற்ற பணிநீக்க வழக்கை 2012 முதல் நீதிபதி தனியாகவே கேட்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆங்கிலம் தடுமாறுபவருக்கு மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே தன் செலவில் ஏற்பாடு செய்யும். லண்டன் கடைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை பார்க்கும் தமிழர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. மனுப் படிவத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

தோற்றவர் ஜெயித்தவரின் வழக்குச் செலவைக் கட்ட வேண்டும் என்ற சிவில் நீதிமன்ற வழக்கம் இங்கே பொது விதி அல்ல. தொந்தரவு கொடுக்கவே வழக்காடினார், அல்லது துளியும் வெல்ல வாய்ப்பில்லாத மனுவைப் பிடித்துத் தொங்கினார் என்றால் மட்டும் செலவுத் தொகை விதிக்கலாம். ஒரு வாதம் சத்தில்லாதது என்று தோன்றினால், அதைத் தொடர 1,000 பவுண்டு வரை வைப்புத்தொகை கட்டச் சொல்லும் அதிகாரமும் நீதிபதிக்கு உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீண் வழக்கைத் தடுக்கவே கட்டணம் என்று அரசு சொன்னபோது, அதற்கான கருவி ஏற்கெனவே தீர்ப்பாயத்தின் மேசையில் இருந்தது.

கெடு: மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு

கட்டணத்துக்கு முன்னே நிற்கும் முதல் தடை நாட்காட்டி. பெரும்பாலான கோரிக்கைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவான கெடுவே இதுவரை நடைமுறை. 2025-இல் நிறைவேறிய வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் இதை ஆறு மாதமாக நீட்டுகிறது. ஆனால் தன் வழக்குக்கு எந்தக் கெடு பொருந்தும் என்பதை அவரவர் சம்பவத் தேதியை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மனுவுக்கு முன் ஏகாஸ் என்ற சமரச அமைப்பிடம் போயே ஆக வேண்டும். 2014 முதல் இது கட்டாயம். அங்கே கிடைக்கும் சான்றிதழ் எண் இல்லாத மனு வாசலிலேயே திரும்பும். ஏகாஸிடம் இருக்கும் காலம் கெடுவில் சேராது. எண்ணிப் பார்ப்போம்.

2025 மே 12 அன்று வேலை போனது. கெடு ஆகஸ்ட் 11. ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஏகாஸை அணுகினார். செப்டம்பர் 5-இல் சான்றிதழ் வந்தது. ஆகஸ்ட் 2 முதல் செப்டம்பர் 5 வரை 35 நாள் கடிகாரம் நின்றது. ஆகஸ்ட் 11-உடன் 35 நாளைக் கூட்டினால் செப்டம்பர் 15. இதோடு கணக்கு முடியவில்லை. இப்படி வரும் தேதி, சான்றிதழ் வந்த பின்னான ஒரு மாதத்துக்குள் விழுந்தால், அந்த ஒரு மாதம் முழுதும் கிடைக்கும். ஆகவே உண்மையான கடைசி நாள் அக்டோபர் 5. அது ஞாயிற்றுக்கிழமை; ஆனாலும் திங்களுக்குத் தள்ளிப்போகாது.

இவரே ஆகஸ்ட் 12 அன்று ஏகாஸை அணுகியிருந்தால்? கெடு முந்தின நாளே செத்துவிட்டது. நின்றுபோன கடிகாரத்தை நிறுத்த முடியாது. அதன்பின் ஒரே வழி, உரிய காலத்தில் மனுப் போடுவது நடைமுறையில் சாத்தியமாக இருக்கவில்லை என்று மெய்ப்பிப்பது. இது கடினமான சோதனை. பாகுபாட்டு வழக்குகளுக்குச் சற்று இளகிய அளவுகோல் உண்டு: நீட்டிப்பது நியாயமாகத் தோன்றுகிறதா என்று பார்ப்பார்கள்.

அடுத்த வழுக்கல், முதலாளியின் பெயர். கடைப் பலகையில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் இன்னொன்று, நிறுவனப் பதிவில் மூன்றாவது ஒன்று. ஏகாஸ் சான்றிதழில் உள்ள பெயரும் மனுவில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் மனு திரும்பலாம். சிறு பிழை என்று நீதிபதி மன்னிக்க இடமுண்டு, ஆனால் அதை நம்பி மனுப் போடக் கூடாது. சம்பளச் சீட்டில் உள்ள பெயரை நிறுவனப் பதிவேட்டில் சரிபார்த்துவிட்டு ஏகாஸிடம் போவது அரை மணி நேர வேலை.

மனு ஏற்கப்பட்டால் முதலாளி 28 நாளில் பதில் தர வேண்டும். பிறகு ஆவணப் பரிமாற்றம், சாட்சி அறிக்கைகள், விசாரணை. தீர்ப்பில் சட்டப் பிழை இருந்தால் மட்டும் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போகலாம். எழுத்துபூர்வமான காரணங்கள் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 42 நாள் அவகாசம். சாட்சியை நம்பியது தவறு என்ற வகைக் குறைக்கு அங்கே அநேகமாக இடமில்லை. அதற்கும் மேலே இங்கிலாந்து, வேல்ஸில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஸ்காட்லாந்தில் செஷன் நீதிமன்றம், உச்சியில் உச்ச நீதிமன்றம்.

கட்டண ஆணையின் உள்ளமைப்பு

2007-இன் தீர்ப்பாயச் சட்டம் 42-ஆம் பிரிவு, கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை லார்ட் சான்சலருக்குக் கொடுத்திருந்தது. அதை வைத்து 2013-இல் ஆணை பிறந்தது. கோரிக்கைகளை இரண்டாகப் பிரித்தார்கள். சம்பளப் பிடித்தம், அறிவிப்புக்காலச் சம்பளம், ஆட்குறைப்புத் தொகை போன்றவை ஏ வகை: 390 பவுண்டு. நியாயமற்ற பணிநீக்கம், பாகுபாடு, சம ஊதியம், முறைகேட்டை அம்பலப்படுத்தியதற்கான பழிவாங்கல் ஆகியவை பி வகை: பதிய 250, விசாரணைக்கு 950, ஆக 1,200. மேல்முறையீட்டுக்கு 400, பின் 1,200, ஆக 1,600. கூட்டாக மனுப் போட்டால் 2 முதல் 10 பேர் வரை இருமடங்கு, 200 பேர் வரை நான்கு மடங்கு, அதற்கு மேல் ஆறு மடங்கு. அதாவது பெரிய கூட்டமாக வந்தவருக்குத் தலைக்குச் சில பவுண்டு, தனியாக வந்தவருக்கு முழுச் சுமை.

சலுகை இருந்தது. சேமிப்பு 3,000 பவுண்டுக்குக் கீழ் இருந்து, வருமானமும் வரம்புக்குள் இருந்தால் தள்ளுபடி. வருமானம் வரம்பைத் தாண்டினால் கூடுதலான ஒவ்வொரு 10 பவுண்டுக்கும் 5 பவுண்டு கட்ட வேண்டும். விதிவிலக்கான சூழ்நிலையில் தள்ளுபடி செய்யும் தனி அதிகாரமும் இருந்தது. அது மிக அரிதாகவே பயன்பட்டது.

அரசு சொன்ன நோக்கம் மூன்று. தீர்ப்பாயச் செலவில் ஒரு பங்கைப் பயன்படுத்துவோரே ஏற்க வேண்டும். வீண் வழக்கு குறைய வேண்டும். சமரசம் சீக்கிரம் நடக்க வேண்டும்.

இப்போது கணக்கு. 480 பவுண்டு பாக்கி உள்ள 100 பேரை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் 390 கட்டுகிறார்கள், எல்லோரும் ஜெயிக்கிறார்கள், கட்டணத்தையும் முதலாளியே திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பாகிறது. ஆளுக்கு 870 பவுண்டு வர வேண்டும். வருமா? 2013-இல் அரசுத் துறைக்காகச் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்தது. அதன்படி, வசூல் நடவடிக்கை எடுத்த பிறகும் முழுத் தொகை பெற்றவர்கள் 49 சதவீதம், பகுதி பெற்றவர்கள் 16 சதவீதம், ஒரு பென்னிகூடப் பெறாதவர்கள் 35 சதவீதம். நம் 100 பேரில் 35 பேர் வழக்கில் வென்று, சம்பளமும் கிடைக்காமல், கையிலிருந்த 390-ஐயும் இழந்தவர்கள். அவர்கள் மட்டும் இழந்தது 13,650 பவுண்டு. இது ஜெயிப்பது நிச்சயம் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. இந்த நிலையில் புத்தியுள்ள எவரும் மனுப் போட மாட்டார் என்பதில் சட்ட நுணுக்கம் எதுவும் இல்லை.

பணமே கேட்காத மனுக்களின் கதி இன்னும் மோசம். வேலை நிபந்தனைகளை எழுத்தில் தா, சட்டப்படியான இடைவேளை கொடு என்று கேட்பதற்கும் நூற்றுக்கணக்கில் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

ஏற்கப்பட்ட மனுக்களின் எண்ணிக்கை நீடித்த அளவில் 66 முதல் 70 சதவீதம் வரை சரிந்தது.

கீழ்ப் படிகளில் மூன்று தோல்வி

யூனிசன் போனது தீர்ப்பாயத்துக்கு அல்ல, உயர் நீதிமன்றத்துக்கு. அமைச்சரின் ஆணையே சட்டத்துக்குப் புறம்பானது என்பதைத் தீர்ப்பாயம் முடிவுசெய்ய முடியாது. அதற்கு நீதிமுறை மறுஆய்வு வேண்டும், நம்மூரில் ரிட் என்போமே அந்த ரகம். 2014 பிப்ரவரியில் தள்ளுபடி: இன்னும் போதிய தரவு வரவில்லை, காலத்துக்கு முந்திய வழக்கு என்றார்கள். புதிய எண்களோடு மறுபடி போனார்கள். 2014 டிசம்பரில் தள்ளுபடி. 2015 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோல்வி.

மூன்று இடத்திலும் தடுக்கியது ஒரே கல். சரிவு அதிர்ச்சியானதுதான், ஆனால் கட்ட முடியாமல் போனவர் யார், அவருடைய வரவுசெலவு என்ன என்று ஒரு ஆளையாவது காட்டு என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். கட்ட விரும்பாதவரையும் கட்ட முடியாதவரையும் எண்ணிக்கை பிரித்துக் காட்டாது என்பது அதன் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வழக்கே போடாதவரைத் தேடிப் பிடித்துச் சாட்சியாக்குவது எப்படி? வாசலுக்கு வராதவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

உச்ச நீதிமன்றத்தில் திரும்பிய இடம்

2017 மார்ச்சில் இரண்டு நாள் விசாரணை. முதன்மைத் தீர்ப்பு ரீட் பிரபுவுடையது. பாகுபாடு குறித்து ஹேல் சீமாட்டி தனியே எழுதினார். வழக்குக்கு இடையில், 2017 ஜனவரியில், நீதி அமைச்சகம் தன் சொந்த மறுஆய்வை வெளியிட்டிருந்தது. அரசுக்கு எதிரான நல்ல ஆதாரம் பல அதில்தான் இருந்தது: கட்டணம் கட்ட முடியாததால் மனுப் போடவில்லை என்று ஏகாஸ் கணக்கெடுப்பில் சொன்னவர்கள் உட்பட.

சோதனையை ரீட் மாற்றி வைத்தார். கட்டணம் ஒருவரைத் தடுத்துவிட்டது என்று காட்ட வேண்டியதில்லை, தடுக்கும் மெய்யான அபாயம் இருந்தால் போதும். இவ்வளவு கூரான, பெரிய, நீடித்த சரிவே அந்த அபாயத்துக்குச் சான்று. அடுத்து வீட்டுக் கணக்குக்கு வந்தார். குறைந்தபட்ச ஊதியத்தில் இருவரும் முழுநேரம் உழைத்து, இரண்டு குழந்தைகளை வளர்க்கும் தம்பதி போன்ற கற்பனைக் குடும்பங்களின் வரவுசெலவு மன்றத்தின் முன் வைக்கப்பட்டிருந்தது. துணிமணி போன்ற சாதாரணச் செலவுகளை நிறுத்தினால் கட்டலாமே என்பது அரசின் நிலை. சமூகம் ஏற்றுக்கொண்ட சாதாரண வாழ்க்கைத் தரத்தைத் தியாகம் செய்துதான் கட்ட முடியும் என்றால் அது கட்டக்கூடிய கட்டணமே அல்ல என்றார் ரீட். கட்ட வசதியிருந்தும், வரப்போகும் தொகையைவிடச் செலவு அதிகம் என்பதால் ஒதுங்குபவரும் தடுக்கப்பட்டவரே என்று சேர்த்துக்கொண்டார். நமது 480 பவுண்டு கணக்கு இங்கேதான் பொருந்துகிறது.

அரசின் மூன்று நோக்கங்களும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. செலவில் மூன்றில் ஒரு பங்கை மீட்பது இலக்கு; வந்தது அதில் ஏறக்குறைய பாதி. விலையை ஏற்றிக்கொண்டே போனால் வரவு ஏறிக்கொண்டே போகாது, வாங்குபவர் குறைவார் என்பது பெட்டிக்கடைக்காரருக்கும் தெரிந்த பொருளாதாரம். ரீட் ஏறக்குறைய அந்தத் தொனியில்தான் அமைச்சகத்துக்குப் பாடம் எடுக்கிறார். வீண் வழக்கு குறைந்திருந்தால் விசாரணைக்கு வருவதில் ஜெயிக்கும் விகிதம் கூடியிருக்க வேண்டும், மாறாகக் குறைந்திருந்தது. சமரசமும் கூடவில்லை, சற்றே குறைந்தது. காரணம் எளிது. தொழிலாளி கட்டணத்தைக் கட்டுகிறாரா இல்லையா என்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்று முதலாளி காத்திருந்தார்.

தீர்ப்பின் நெஞ்சு இதற்கு முன்னால் இருக்கிறது. தீர்ப்பாயத்தால் பயன் பெறுபவர்கள் அங்கே வழக்காடும் இருவர் மட்டுமே, எனவே செலவை அவர்கள் ஏற்கட்டும் என்று அமைச்சகம் கருதியது. அந்தக் கருத்தின் அடித்தளத்தையே ரீட் அசைத்தார். 1932-இன் டொனஹ்யூ வழக்கை எடுத்துக்காட்டினார்: ஒரு பெண் தொடுத்த வழக்கு, பொருள் தயாரிப்பவர் அதை நுகர்பவருக்கு எந்த அளவு பொறுப்பு என்ற விதியை எல்லோருக்கும் தந்தது. பக்கத்திலேயே ஒரு தொழிலாளர் வழக்கு: டம்ஃப்ரீஸ்-கேலோவே நகராட்சியின் வகுப்பறை உதவியாளர்களும் மழலையர் பள்ளிப் பணியாளர்களும், சாலைப் பணியாளர், குப்பை அள்ளுவோர் ஆகிய ஆண்களோடு தங்கள் ஊதியத்தை ஒப்பிடலாமா என்பது. அந்த நகராட்சிக்கு வெளியே யாருக்கும் அதில் ஆர்வம் இருக்காது. ஆனால் அது வகுத்த விதி மற்ற சம ஊதிய வழக்குகளுக்கும் வழிகாட்டுகிறது. பெரும்பாலான தொழிலாளர் பூசல்கள் தீர்ப்பாயத்துக்கு வராமலே முடிகின்றன என்றால், தேவைப்பட்டால் அங்கே போகலாம் என்ற நினைப்பு இருவர் மனத்திலும் இருப்பதால்தான். கதவு திறக்காது என்று முதலாளிக்குத் தெரிந்துவிட்டால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் செத்த எழுத்து. மாக்னா கார்ட்டா என்ற பழைய ஆங்கில உரிமைப் பட்டயத்தின் 40-ஆம் வாசகம், நீதியை விற்க மாட்டோம் என்ற மன்னரின் வாக்கு, தீர்ப்பில் வருவது அலங்காரத்துக்கு அல்ல.

சட்ட முடிச்சு இதுதான்: கட்டணம் விதிக்கலாம் என்ற பொதுவான அதிகாரம், நீதிமன்றத்தை அணுகும் உரிமையை முடக்கும் அதிகாரம் ஆகாது. அப்படி முடக்க வேண்டுமென்றால் நாடாளுமன்றமே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்த வாதம் பிரிட்டனின் பொதுச் சட்டத்திலேயே நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் படியும் ஆணை செல்லாது என்று மன்றம் சேர்த்தே சொன்னது. ஆனால் பிரெக்ஸிட் அந்த ஊன்றுகோலை எடுத்த பிறகும் தீர்ப்பு சாயவில்லை. ஹேல் எழுதியது இன்னொரு விரிசலை: பாகுபாட்டு வழக்குகள் அனைத்தும் விலை கூடிய பி வகையில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தொடுப்போரில் பெண்கள் போன்ற பாதுகாக்கப்பட்ட பிரிவினர் மிகுதி. ஆகவே ஆணையே மறைமுகப் பாகுபாடு.

எல்லாக் கட்டணமும் தவறு என்று தீர்ப்பு சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2024 ஜனவரியில் அப்போதைய அரசு 55 பவுண்டு கட்டணம் ஒன்றை முன்மொழிந்து கருத்துக் கேட்டது. அவ்வளவு சிறிய தொகையை முன்வைக்க வேண்டியிருந்ததே இந்தத் தீர்ப்பின் நிழல். அந்த ஆண்டு ஜூலையில் ஆட்சி மாறியது. 55 பவுண்டும் வசூலுக்கு வரவில்லை.

தீர்ப்புக்கு மறுநாள்

கட்டண வசூல் உடனே நின்றது. 2017 நவம்பரில் பணம் திருப்பித் தரும் திட்டம் முழுதாகத் திறந்தது: கட்டிய தொகையும் 0.5 சதவீத வட்டியும். விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். கட்டணம் கட்டாததால் நிராகரிக்கப்பட்ட மனுக்களை மீண்டும் உயிர்ப்பிக்கவும் வழி செய்தார்கள்.

விடுபட்டவர்கள், 390-ஐப் பார்த்து மலைத்து மனுவே போடாதவர்கள். தீர்ப்பு வந்த அன்று அவர்களில் பெரும்பாலோரின் கெடு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கடந்திருந்தது. செல்லாத ஆணை தடுத்ததால் உரிய காலத்தில் போட முடியவில்லை என்று வாதிடலாம். ஆனால் ஒவ்வொருவரும் தன் வருமானம், சேமிப்பு, அப்போது எடுத்த முடிவு எல்லாவற்றையும் தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டும். தீர்ப்புக்குப் பிறகும் தாமதித்தால் அந்த வாதமும் நைந்துபோகும்.

மனுக்கள் திரும்பி வந்தன. 2018 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் தனிநபர் மனுக்கள் முந்திய ஆண்டின் அதே காலாண்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வழக்கு குறைந்த நான்கு ஆண்டில் தீர்ப்பாயத்தின் ஆள்பலமும் சுருங்கியிருந்தது. கதவை ஒரே நாளில் திறக்கலாம், நீதிபதியை ஒரே நாளில் உருவாக்க முடியாது. தேங்கல் அன்று பிடித்தது. பின்னால் கொரோனா அதை இன்னும் ஏற்றியது.

கட்டணத்தைவிடப் பழைய ஓட்டை அப்படியே இருக்கிறது. தீர்ப்பாயம் தன் தீர்ப்பைத் தானே வசூலிக்க முடியாது. முதலாளி கட்டாவிட்டால் தொழிலாளி இங்கிலாந்தில் கவுண்டி நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்ற வசூல் அதிகாரியிடமோ போக வேண்டும்; ஸ்காட்லாந்தில் ஷெரிஃப் அதிகாரியிடம். அங்கே கட்டணம் உண்டு. 2016 ஏப்ரல் முதல் அரசு அபராதம் விதிக்கும் முறையும் இருக்கிறது: பாக்கியில் பாதி, குறைந்தது 100, கூடினால் 5,000 பவுண்டு. அந்த அபராதம் கருவூலத்துக்குப் போகும், தொழிலாளிக்கு அல்ல. தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் கட்டாத முதலாளிக்கு ஆண்டுக்கு 8 சதவீத வட்டி ஓடத் தொடங்கும். அரசு தான் சட்டவிரோதமாக வாங்கியதற்குக் கொடுத்த வட்டியைப் போலப் பதினாறு மடங்கு. நிறுவனத்தைக் கலைத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் வேறு பெயரில் கடை திறந்துவிட்ட முதலாளியிடம் அந்த வட்டியையும் சேர்த்துக் கேட்கலாம். கேட்பதற்கு மட்டும் கட்டணமில்லை.